கடைப் பதிவு வேறு, வர்த்தகக் குறி வேறு

திருகோணமலை மத்திய வீதியிலோ உட்துறைமுக வீதியிலோ ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். காசு வாங்கும் மேசைக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பத்திரம் தொங்கும். அது வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். பேச்சில் எல்லோரும் 'பீ.ஆர்' என்பார்கள். "பேர் எங்கட பேரில பதிஞ்சிருக்கு, ஒருத்தரும் தொட ஏலாது" என்று அதைக் காட்டிச் சொல்லும் முதலாளிமார் நிறையப் பேர். பத்திரம் உண்மையானதுதான். ஆனால் அவர்கள் நினைக்கும் வேலையை அது செய்வதில்லை.

வணிகப் பெயர்ப் பதிவு 1918 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு. ஒருவர் தன் சொந்தப் பெயரை விட்டு வேறு பெயரில் வியாபாரம் செய்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். கடன் கொடுத்தவர் யாரைத் தேடிப் போவது, வழக்குப் போடுகிறவர் யாருடைய பெயரை எழுதுவது என்பதற்கு விடை அந்தப் பதிவில் இருக்கும். சான்றிதழைக் கடையில் கண்படும் இடத்தில் மாட்டச் சொல்வதும் அதற்குத்தான். அது முதலாளியின் அடையாள அட்டை மாதிரி ஒன்று. பெயருக்கு அது காணி உறுதி ஆகாது.

கம்பனிப் பதிவிலும் இதே மயக்கம் உண்டு. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பெயர் அனுமதி கிடைத்தால், ஏற்கெனவே பதிவிலுள்ள ஒரு கம்பனியின் பெயரோடு அது மோதவில்லை என்று பொருள். அந்தப் பெயரைப் பக்கற்றில் அச்சடித்து மிளகாய்த்தூள் விற்க உங்களுக்கு உரிமை உண்டா என்பதைக் கம்பனிப் பதிவாளர் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும் இடம் கொழும்பு 10 இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். அங்கே கிடைப்பதுதான் வர்த்தகக் குறி.

எது குறி?

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒருவருடைய பொருளை இன்னொருவருடைய பொருளிலிருந்து பிரித்துக் காட்டும், கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைத்தான் வர்த்தகக் குறி என்கிறது. சொல், படம், எழுத்து, இலக்கம், நிறச் சேர்க்கை, போத்தலின் வடிவம் என்று எதுவாகவும் இருக்கலாம். பொருளுக்குப் பதிலாகச் சேவைக்கு வைத்தால் அது சேவைக் குறி. விருந்தினர் விடுதி, படகுச் சவாரி, தையல் கடை எல்லாம் அந்தப் பக்கம் வரும்.

கற்பனையாக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். குச்சவெளியில் ஒரு குடும்பம் நெத்தலி, கட்டாக் கருவாடு, மாசி மூன்றையும் பக்கற்றில் அடைத்து 'வெண்கொக்கு' என்ற பெயரில் விற்கிறது. பக்கற்றில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குப் படம். நான்கு வருடத்தில் பெயர் பிடித்துவிட்டது. புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவர் மாதா மாதம் எடுக்கிறார். ஐந்தாவது வருடம் 'வெள்ளைக்கொக்கு' என்று ஒரு பக்கற் சந்தைக்கு வருகிறது. அதிலும் கொக்கு. கால் மட்டும் இரண்டு.

இந்தக் கொக்குச் சண்டையில் யார் வெல்வார் என்பதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கும். அடையாளம் எவ்வளவு தனித்துவமானது, எந்தப் பொருளுக்கு அது பதிவாகியிருக்கிறது, யார் எப்போது தொடங்கினார் என்பதற்குக் கையில் என்ன இருக்கிறது. நம் பக்கம் அதிகம் தோற்பது மூன்றாவதில்.

பெயர் தெரிவிலேயே பாதி வழக்கு

சட்டத்தின் 103 ஆம் பிரிவு, பதிவுக்கு எடுக்க முடியாத குறிகளைச் சொல்கிறது. பொருளின் வகை, தரம், அளவு, பயன், விளையும் இடம் ஆகியவற்றை மட்டும் சொல்லும் சொல் அதில் முக்கியமானது. 'திருகோணமலைக் கருவாடு', 'கந்தளாய்த் தயிர்', 'சுத்தமான நல்லெண்ணெய்' எல்லாம் இந்த வலையில் மாட்டும். காரணம் நியாயமானது. கந்தளாயில் மாடு வளர்க்கிற எவருக்கும் தன் தயிரைக் கந்தளாய்த் தயிர் என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். அதை ஒருவர் தன் பெட்டிக்குள் பூட்ட விட்டால் மற்றவர்கள் என்ன சொல்லி விற்பார்கள்?

ஆனால் புது வியாபாரிகளுக்குப் பிடிப்பதும் இந்த மாதிரிப் பெயர்தான். பொருள் என்ன, ஊர் எது என்பது உடனே விளங்கிவிடுகிறது, விளம்பரச் செலவும் குறைவு. அந்த வசதிக்கு விலை, பின்னால் யாரையும் தடுக்க முடியாமல் போவது. நீண்டகாலப் பாவனையால் ஒரு விவரிப்புப் பெயர்கூடத் தனித்துவம் பெறலாம் என்ற வாசலைச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க விற்பனைக் கணக்கு, விளம்பரம், வருடக் கணக்கான பற்றுச்சீட்டு எல்லாம் வேண்டும். சின்ன வியாபாரிக்கு அது மலையேற்றம்.

'கோணேஸ்' என்று தொடங்கும் பெயர்களுக்கும் ஒரு வார்த்தை. கோணேசர் கோயில் உள்ள ஊரில் அந்தச் சொல் கடை, பஸ், படகு, ரியூசன் நிலையம் என்று எங்கும் இருக்கிறது. பக்திக்கு நல்லது, குறிக்குப் பலவீனமானது. எல்லோரிடமும் இருக்கும் சொல்லைக் கேட்டு, இது யாருடைய பொருள் என்று வாங்குபவர் பிரித்தறிய மாட்டார். பொருளோடு சம்பந்தமில்லாத சொல்லும், புதிதாகக் கட்டிய சொல்லும்தான் பலமானவை. கருவாட்டுக்கு 'வெண்கொக்கு' அந்த வகையில் பரவாயில்லை. கொக்கு மீன் தின்னும் என்பது கருவாட்டை விவரிப்பது ஆகாது.

மூன்று மொழிச் சிக்கல்

இது வேறு நாட்டுக் கையேடுகளில் கிடைக்காத, நம் ஊருக்கே உரிய சங்கதி. நீங்கள் 'வெண்கொக்கு' என்பதைத் தமிழ் எழுத்தில் மட்டும் பதிந்தீர்கள். மற்றவர் சிங்களத்தில் 'சுது கொக்கா' என்று அச்சடித்து அதே கருவாட்டை விற்கிறார். ஒலி வேறு, எழுத்து வேறு, கருத்து ஒன்று. இது குழப்பமா?

குழப்பம் உண்டா என்று பார்க்கும்போது இரண்டு பக்கற்றையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணுவது சரியான முறை அல்ல. சாதாரணக் கவனமுள்ள ஒருவர், போன மாதம் வாங்கியதை அரைகுறையாக நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். அவர் ஏமாறுவாரா? பார்வை, ஒலி, கருத்து மூன்றும் சேர்த்து எடை போடப்படும். 'வெண்கொக்கு', 'வெள்ளைக்கொக்கு' இரண்டும் ஒலியிலும் கருத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. 'சுது கொக்கா' கருத்தில் மட்டும் ஒட்டுகிறது. கொக்குப் படமும் சேர்ந்தால் உங்கள் வாதம் பலமாகும், படம் இல்லாவிட்டால் இழுபறி.

ஆகவே பக்கற்றில் உண்மையில் மூன்று மொழியிலும் பெயர் போடுகிறவர்கள், விண்ணப்பத்தில் இருக்கும் குறியிலும் மூன்றையும் கொண்டுவருவதா, அல்லது சொல்லைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் இரண்டு விண்ணப்பமாகப் போடுவதா என்று முதலே யோசிக்க வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், எங்கள் தெரிவு சொல். படம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அழகுபடுத்தப்படும், சொல் மாறாது.

வகுப்பு என்ற பெட்டி

குறி தனியாக நிற்பதில்லை, ஒரு பொருளோடு கட்டப்பட்டிருக்கும். நீஸ் வகைப்பாடு என்ற சர்வதேசப் பட்டியல் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரிக்கிறது. 1 முதல் 34 வரை பொருள், 35 முதல் 45 வரை சேவை. இலங்கையில் ஒரு வகுப்புக்கு ஒரு விண்ணப்பம், கட்டணமும் வகுப்புக்கு வகுப்பு தனி.

கருவாடு, மாசி, தயிர், நெய் எல்லாம் 29. உப்பு, அரிசி, மிளகாய்த்தூள், மசாலா 30. உயிரோடு இருக்கும் சிங்கி இறாலும் நண்டும் 31. அதையே அவித்து ஐஸ்பெட்டியில் வைத்தால் 29. இறால் பண்ணைக்காரர் அடிக்கடி வழுக்கும் இடம் இது. உப்புவெளியில் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் நடத்தினால் 43. புறாமலைத் தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் படகு விட்டால் 39. மற்றவர்களின் பொருளையும் சேர்த்து விற்கும் கடை, முகநூல் கடை உட்பட, 35.

பட்டியல் காலத்துக்குக் காலம் மாறும். 13 ஆம் பதிப்பு 2026 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. மூக்குக்கண்ணாடி 9 ஆம் வகுப்பிலிருந்து 10 க்குப் போனது அதில்தான். பழைய விண்ணப்பத்தைப் பார்த்து வகுப்பு இலக்கத்தைக் கொப்பியடிக்கிறவர்கள், அலுவலகம் இப்போது எந்தப் பதிப்பைப் பாவிக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

பொருள் பட்டியலை எழுதும்போது இரண்டு விதமாகவும் கெடும். 'கருவாடு' என்று மட்டும் எழுதினால் நாளைக்கு மாசிச் சம்பல் போத்தல் விற்கும்போது வெளியே நிற்பீர்கள். வகுப்பில் உள்ள எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால், பாவிக்காத பொருளுக்குப் பின்னால் சிக்கல் வரும். பதிவான குறியைத் தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து 5 வருடம் பாவிக்காமல் விட்டால், அதை நீக்கச் சொல்லி மற்றவர் நீதிமன்றம் போகலாம். இப்போது விற்பதையும், அடுத்த மூன்று நான்கு வருடத்தில் விற்க உண்மையாகவே திட்டம் இருப்பதையும் எழுதுவது அளவு.

விண்ணப்பம் போகும் பாதை

முதலில் தேடல். உங்கள் சொல்லுக்கு ஒத்த குறி அதே வகுப்பில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கட்டணம் கட்டிப் பார்க்கலாம். இதைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கும் காசு, பத்தாயிரம் பக்கற் அச்சடித்த பிறகு பெயரை மாற்றும் செலவுக்கு முன் ஒன்றுமில்லை. தேடும்போது எழுத்தை மட்டும் தேட வேண்டாம். ஒலியையும், சிங்கள, ஆங்கிலக் கருத்தையும் தேடுங்கள்.

பிறகு எம் 01 படிவம். விண்ணப்பதாரரின் பெயர், விலாசம், குறியின் தெளிவான படம், வகுப்பு, பொருள் பட்டியல். தமிழ்ச் சொல் என்றால் அதன் உச்சரிப்பையும் கருத்தையும் கூடவே எழுதிக் கொடுங்கள். பரிசீலிப்பவருக்குத் தமிழ் தெரிந்தே இருக்கும் என்று எண்ணக் கூடாது. இலங்கையில் வசிப்பவர் தானே விண்ணப்பிக்கலாம், முகவர் கட்டாயமில்லை.

விண்ணப்பதாரர் பெயரில்தான் பெரிய தவறு நடக்கும். அண்ணன் கொழும்புக்குப் போகிறார், தன் பெயரில் போட்டுவிடுகிறார். வியாபாரமோ அண்ணன், தம்பி, மச்சான் மூவரின் பங்கு. பத்து வருடம் கழித்துப் பாகம் பிரியும்போது குறி சட்டப்படி அண்ணனுடையது. பங்காளி வியாபாரமா, கம்பனியா, தனியாளா என்று முதலில் தீர்மானித்து, யார் உண்மையில் பாவிக்கிறாரோ அவர் பெயரில் போடுங்கள். பின்னால் மாற்றலாம், ஆனால் அதற்கு எழுத்தில் கைமாற்றமும் அலுவலகத்தில் பதிவும் வேண்டும். உறவு முறிந்த பிறகு யார் கையெழுத்து வைப்பார்?

அலுவலகம் பரிசீலித்து ஆட்சேபம் இருந்தால் காரணத்தோடு அறிவிக்கும். பதில் கொடுக்கக் குறித்த நாள் இருக்கும். விலாசம் மாறி, கடிதம் பழைய கடைக்குப் போய், அங்கே கணக்குப்பிள்ளை மேசைக்குள் கிடந்து விண்ணப்பம் கைவிட்டுப் போவதுண்டு. விலாசம் மாறினால் அறிவியுங்கள்.

ஏற்றுக்கொண்டால் குறி அரசாங்க வர்த்தமானியில் வெளியாகும். அன்றிலிருந்து 3 மாதம், அக்கறையுள்ள எவரும் எதிர்ப்புப் போடலாம். எதிர்ப்பு வந்தால் இரண்டு தரப்பும் ஆவணம் கொடுத்து, விசாரணை நடந்து, அலுவலகத்தின் தலைவரான பணிப்பாளர் நாயகம் முடிவு சொல்வார். அந்த முடிவையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். எதிர்ப்பு இல்லாவிட்டால் பதிவு. வரிசை நீளம். வருடக் கணக்கில் எடுக்கும். அதற்குள் வியாபாரத்தை நிறுத்தத் தேவையில்லை. விண்ணப்பித்த நாள்தான் உங்கள் இடத்தைப் பிடிக்கும் நாள்.

காத்திருக்கும் காலத்தில் பக்கற்றில், இது எங்கள் வர்த்தகக் குறி என்று காட்டும் 'டீ.எம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துப் போடக் கூடாது. பதிவாகாத குறியைப் பதிவானது என்று காட்டுவது சட்டப்படி குற்றம். அச்சகத்தில் வடிவமைப்புச் செய்யும் பொடியன் அழகுக்காக அந்த வட்டத்தை வைத்துவிடுவது சாதாரணம். அச்சுக்குப் போகும் முன் அதை ஒருமுறை பாருங்கள்.

பதிவு 10 வருடம் செல்லும். கட்டணம் கட்டி ஒவ்வொரு 10 வருடத்துக்கும் புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதற்கு உச்ச வரம்பில்லை. முடியும் திகதிக்கு முந்தைய 12 மாதத்துக்குள் கட்ட வேண்டும். தவறினால் மேலதிகக் கட்டணத்தோடு 6 மாதச் சலுகை.

படம் வரைந்தவர் யார்?

கொக்குப் படத்துக்கு இன்னொரு உரிமையும் உண்டு, பதிப்புரிமை. அதற்குப் பதிவு தேவையில்லை. வரைந்த கணத்திலேயே பிறந்து, வரைந்தவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் நிற்கும். யாருக்குச் சொந்தம் என்பதில்தான் வில்லங்கம். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொருளாதார உரிமை, அதாவது படத்தைப் பாவித்துக் காசு பார்க்கும் உரிமை, உங்களுக்கு. வெளியே ஒருவருக்குக் காசு கொடுத்து வரைவித்தால், காசு கொடுத்த ஒரே காரணத்தால் அது உங்களுக்கு வந்துவிடாது. உரிமையைக் கைமாற்றுவதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். 'வெண்கொக்கு படத்தின் பொருளாதார உரிமைகள் முழுவதையும் இன்ன தொகைக்கு இன்னாருக்குக் கைமாற்றுகிறேன்' என்று அரைப் பக்கத்தில், திகதி, கையொப்பத்தோடு, படத்தின் ஒரு பிரதியையும் ஒட்டி வாங்கி வைத்தால் அநேகமான சண்டைகள் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

இப்போது பலர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் 'கொக்குப் படம் போடு' என்று கேட்டு வாங்குகிறார்கள். நம் சட்டம் ஆக்கியோன் என்பவரை இயற்கை ஆளாக, அதாவது மனிதராகத்தான் வரையறுக்கிறது. அமெரிக்காவிலும் 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், மனிதர் ஆக்காத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்ற நிலைப்பாட்டையே உறுதி செய்தது. ஆகவே செயலி வரைந்த கொக்கைப் பதிப்புரிமையால் காக்க முடியும் என்று நம்பியிருக்க வேண்டாம். வர்த்தகக் குறிக்கு அந்தத் தடை இல்லை. யார் வரைந்தார் என்று குறிப் பதிவு கேட்பதில்லை, பொருளைப் பிரித்துக் காட்டுகிறதா என்றுதான் கேட்கிறது. செயலிப் படம் வைத்திருப்பவருக்குக் குறிப் பதிவு மற்றவர்களைவிட அவசரம்.

பதியாதவருக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. 104 ஆம் பிரிவு இங்கே முக்கியம். நீங்கள் பதியாமலே முன்பிருந்து பாவித்துவரும் குறியை ஒத்த ஒன்றை, அது உங்களுடையது என்று தெரிந்திருந்தும், அல்லது தெரியாமல் இருந்திருக்க முடியாத நிலையிலும், ஒருவர் அதே மாதிரிப் பொருளுக்குப் பதியக் கேட்டால் அதை மறுக்கலாம். நம் உதாரணத்தில் மாதா மாதம் சரக்கு எடுத்த புறக்கோட்டை வியாபாரியே 'வெண்கொக்கு' என்பதைத் தன் பெயரில் போட்டுவிட்டார் என்று வையுங்கள். ஊர் உற்பத்தியாளருக்கும் கொழும்பு விநியோகஸ்தருக்கும் இடையில் இது நடக்கக்கூடியதுதான். அவர் தெரியாது என்று சொல்ல முடியாது. உங்கள் விலைப்பட்டியல் அவர் கையிலேயே இருக்கிறது. வர்த்தமானிக்குப் பிந்திய 3 மாதத்துக்குள் கண்டால் எதிர்ப்பு, தவறவிட்டால் பதிவை வெறிதாக்கக் கோரி நீதிமன்றம். முதலாவது மலிவு, இரண்டாவது நீளம்.

அதோடு 160 ஆம் பிரிவு நேர்மையற்ற போட்டியைத் தடுக்கிறது. மற்றவருடைய பொருள் என்று நம்பவைக்கும் பொதி, மற்றவரின் நற்பெயரைச் சுரண்டுவது, ஊறுகாய்ச் செய்முறை போன்ற வெளியிடாத தகவலைத் திருடுவது எல்லாம் அதில் அடங்கும். இதற்குப் பதிவு நிபந்தனை இல்லை. ஆனால் பதிவுள்ளவர் ஒரு சான்றிதழைக் காட்டி நிற்கும் இடத்தில், பதிவில்லாதவர் தன் பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும்.

அந்த நிரூபணத்துக்கு வருடத்துக்கு ஒரு கோப்பு போதும். முதல் பக்கற், முதல் அச்சகப் பற்றுச்சீட்டு, ஊர் பெயர் தெரியும் விலைப்பட்டியல்கள், பத்திரிகை விளம்பரம், கோயில் திருவிழா மலரில் போட்ட வாழ்த்து விளம்பரம்கூடப் பயன்படும், அதில் ஆண்டு அச்சாகியிருக்கும். முகநூல் பதிவைத் திரைப்பிடிப்பாக எடுத்தால் இணைய முகவரியும் திகதியும் தெரிய எடுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஆவணத்தைச் சான்றாக ஏற்கும் வழியைத் தந்திருக்கிறது. ஆனால் வட்ஸ்அப்பில் நாலு கை மாறி, பாதி வெட்டுப்பட்டு வந்த படத்தை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இரண்டு கேள்வியில் உதறிவிடுவார்.

வழக்கு என்று வந்தால்

திருகோணமலையில் மாவட்ட நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் இருக்கின்றன. ஆனாலும் குறி மீறல் சிவில் வழக்கு அங்கே போடப்படுவதில்லை. 1996 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய வர்த்தக மேல் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. புலமைச் சொத்து வழக்குகள் அங்கேதான். அதன் இறுதித் தீர்ப்பிலிருந்து மேன்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்கு. 260 கிலோமீற்றர் அளவு தூரம், இரவுப் புகையிரதம், கொழும்புச் சட்டத்தரணி கட்டணம், தவணைக்குத் தவணை கடை பூட்டுவது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகே வழக்கா சமாதானமா என்று முடிவு செய்ய வேண்டும்.

அங்கே கேட்கக்கூடியவை: தடையுத்தரவு, நட்டஈடு, போலிப் பொதிகளை அழித்தல். நட்டம் எவ்வளவு என்று நிரூபிப்பது கடினம் என்பதால், உண்மை நட்டத்துக்குப் பதிலாக 50,000 ரூபாவுக்குக் குறையாமலும் 10 இலட்சத்துக்கு மேற்படாமலும் சட்டம் நிர்ணயித்த நட்டஈட்டைத் தெரிவு செய்யும் வாய்ப்பைப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 170 ஆம் பிரிவு தருகிறது. தொகை பெரிதல்ல. உண்மையில் எல்லோரும் தேடிப் போவது இடைக்காலத் தடை, ஏனென்றால் சந்தையில் போலி நிற்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயர் தேய்கிறது.

இடைக்காலத் தடைக்கு நீதிமன்றம் பார்ப்பது: மேலோட்டமாகவே உங்கள் பக்கம் வழக்கு இருக்கிறதா, தடை கொடுத்தால் ஒருவருக்கும் கொடுக்காவிட்டால் மற்றவருக்கும் வரும் இடைஞ்சலில் எது கூட, உங்கள் நடத்தை சுத்தமா. மூன்றாவதில்தான் நம்மவர்கள் விழுவது. போலிப் பக்கற்றைப் பார்த்து இரண்டு வருடம் "பார்ப்பம், பார்ப்பம்" என்று இருந்துவிட்டு, பிறகு அவசரம் என்று ஓடினால், அவ்வளவு அவசரம் என்றால் இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி வரும். மற்றத் தரப்பைக் கேட்காமல் கொடுக்கும் குறுங்காலத் தடை ஒரு தடவைக்கு 14 நாளுக்கு மேல் போகாது. அதைப் பெறும்போது உங்களுக்குப் பாதகமான உண்மையையும் சத்தியக்கடதாசியில் சொல்ல வேண்டும். மறைத்தால், வெளிவந்த அன்று தடையும் போய்விடும்.

குற்றவியல் பாதை ஊரிலேயே இருக்கிறது. போலிக் குறி இடுவதும், அப்படி இட்ட பொருளை விற்பதும் நீதவான் நீதிமன்றத்தில் விசாரிக்கக்கூடிய குற்றங்கள். 6 மாதம் வரை சிறை, 5 இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சொட்டான போலிக்கு இது வேலை செய்யும். பொலிஸார் பதிவுச் சான்றிதழைக் கேட்பார்கள், இரண்டு பக்கற்றையும் பார்த்தவுடனே விளங்கும். 'வெண்கொக்கு - வெள்ளைக்கொக்கு' மாதிரி ஒப்பிட்டு வாதாட வேண்டிய விடயத்தைப் பொலிஸ் நிலைய மேசையில் தீர்க்க முயல்வது நேரம் கரைக்கும் வேலை.

ஊருக்குப் பொதுவான பெயர்

தனி ஆள் பதிய முடியாத ஊர்ப் பெயருக்கும் வழி இருக்கிறது. கூட்டுக் குறியை ஒரு சங்கம் பெற்று உறுப்பினர்கள் பாவிக்கலாம். தர விதிகளைப் பாவனை விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று புவியியல் குறியீடு, அதாவது ஒரு ஊரின் மண்ணும் செய்முறையும் தரும் தன்மைக்காக அந்த ஊர்ப் பெயருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. 2022 இல் சட்டம் திருத்தப்பட்டு இதற்கு உள்நாட்டுப் பதிவு முறை வந்தது. அதே வருடம் பெப்ரவரியில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்புப் பெற்றது, நாட்டுக்கு அதுவே முதலாவது. கந்தளாய்த் தயிரோ, திருகோணமலைப் பக்கத்துக் கருவாடோ அந்தப் பாதையில் போக வேண்டுமானால், அந்த மண்ணும் நீரும் செய்முறையும் பொருளின் எந்தத் தன்மையைத் தருகின்றன என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். ருசி என்று சொன்னால் போதாது. பால் எது, உறை ஊற்றும் முறை என்ன, சட்டி எந்த மண் என்ற அளவுக்கு இறங்க வேண்டும். ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ பால் உற்பத்தியாளர் சங்கமோ தூக்க வேண்டிய பாரம் அது.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு: இலங்கைப் பதிவு இலங்கைக்குள் மட்டும். ரொறன்ரோவிலோ சென்னையிலோ விற்பதற்கு அந்த நாட்டில் தனியாகக் கேட்க வேண்டும். பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பாரிஸ் சமவாயத்தின்படி, இங்கே விண்ணப்பித்து 6 மாதத்துக்குள் அங்கே விண்ணப்பித்தால் இங்கத்தைய திகதியையே அங்கும் கோரலாம்.

உங்களுக்கே கடிதம் வந்தால்

எப்போதும் நாம்தான் பாதிக்கப்பட்ட தரப்பு என்று இல்லை. 'எங்கள் குறியை மீறுகிறீர்கள், 14 நாளுக்குள் நிறுத்துங்கள்' என்று சட்டத்தரணி கடிதம் வந்தால், அனுப்பியவருக்குத் தொலைபேசி எடுத்துக் கத்துவதும் வட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்பதும் ஒரே அளவு ஆபத்து. இரண்டும் பின்னால் சான்றாகும். கடிதத்தில் பதிவு இலக்கம் இருக்கிறதா, விண்ணப்ப இலக்கம் மட்டுமா என்று பாருங்கள். விண்ணப்பம் என்றால் இன்னும் பதிவாகவில்லை, உங்களுக்கு எதிர்ப்புப் போடும் வாய்ப்பு இன்னும் இருக்கலாம். எந்த வகுப்பு, எந்தப் பொருள், புதுப்பித்த திகதி என்ன, அவர்கள் அதை இலங்கையில் உண்மையில் பாவிக்கிறார்களா என்பதையெல்லாம் அலுவலகப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவர்களுக்கு முன்பே தொடங்கியிருந்தால் அந்தக் கோப்பை எடுங்கள். பதில் கொடுக்கும்வரை புதிதாகப் பக்கற் அச்சடிக்க வேண்டாம். கையில் இருக்கும் சரக்கை எண்ணித் திகதியோடு எழுதி வையுங்கள். சமாதானம் பேசும்போது, இருப்பை விற்று முடிக்க எத்தனை மாதம் அவகாசம் என்பதுதான் முதலில் பேசப்படும். அந்த எண்ணிக்கை இல்லாமல் மேசைக்குப் போகிறவர் மற்றவர் சொன்ன திகதிக்கே தலையாட்ட வேண்டிவரும்.